விலை உறை திறக்கும் முன்: குமரி மாவட்டத்தில் ஒரு சிறு கட்டடக்கலை நிறுவனம் அரசுப் பணிக்குப் போட்டியிட்ட நிகழ்வின் ஆய்வு

இந்த ஆய்வு பற்றி

கன்னியாகுமரி மாவட்டத்தின் மேற்குப் பகுதியில் இயங்கும் ஒரு சிறு கட்டடக்கலை நிறுவனம் உள்ளாட்சிக் கட்டடங்களின் வடிவமைப்புப் பணிக்கு இருமுறை போட்டியிட்டது. முதன்முறை, கேட்கும் கட்டணத்தை எழுதி மூடிக் கொடுத்த அதன் விலை உறை திறக்கப்படவே இல்லை. இரண்டாம் முறை பணி கிடைத்து, கட்டடம் முடிந்து, இரண்டு ஆண்டு மழையையும் கண்டுவிட்டது. இரண்டுக்கும் இடையில் அந்நிறுவனம் என்ன கவனித்தது, எதை மாற்றிக்கொண்டது, எதை மாற்ற இயலவில்லை என்பதை இங்கே பதிவு செய்கிறேன். இரண்டாவது பணியில் தூண், உத்தரம், அடித்தளம் ஆகியவற்றின் கட்டமைப்புக் கணக்குகளைச் செய்து கொடுத்தவன் என்ற முறையில் அதன் போக்கை அருகிலிருந்து பார்த்தேன். முதல் பணியின் தாள்களைக் கூட்டாளிகளின் ஒப்புதலோடு பின்னர் படித்தேன். ஆட்கள், அலுவலகங்கள், ஊர் ஆகியவற்றின் பெயர்கள் தவிர்க்கப்பட்டுள்ளன.

பின்னணி

நிறுவனத்தில் இரண்டு ஆர்க்கிடெக்டுகள் கூட்டாளிகள். மூத்தவர் இருபது ஆண்டுகளுக்கும் மேலாகத் தொழிலில் இருப்பவர். இளையவர் அவரிடமே பயிற்சி பெற்றுப் பின்னர் பங்குதாரர் ஆனவர். இவர்களோடு ஒரு சிவில் பொறியாளரும் இரண்டு வரைவாளர்களும். வளைகுடா நாடுகளில் வேலை பார்ப்போர் ஊரில் கட்டும் வீடுகளே பெரும்பகுதி வேலை. அவற்றோடு ஒரு தனியார் பள்ளியின் கலையரங்கமும் ஒரு தேவாலயத்தின் சமூகக்கூடமும் இவர்கள் கையால் வரையப்பட்டவை. வீட்டு வேலை வெளிநாட்டுச் சம்பளத்தை நம்பியது. அது சுணங்கும் ஆண்டுகளில் வரைவாளர்களுக்குச் சம்பளம் கொடுப்பதே சிரமமாகிவிடும். அரசுப் பணியைத் தேடியதற்கு இது ஒரு காரணம்.

மற்றொரு காரணம் மூத்தவரின் மனக்குறை. குமரி மாவட்டம் தென்மேற்கு, வடகிழக்கு ஆகிய இரு பருவமழையையும் வாங்கும் மாவட்டம். இங்கே உள்ள பொதுக் கட்டடங்கள் பலவும் மழை குறைந்த மாவட்டங்களுக்கு வரைந்த தட்டையான கான்கிரீட் தளத்தோடு எழுகின்றன. சில ஆண்டுகளில் தளம் கசியத் தொடங்கும். பிறகு தனியாக ஒரு மதிப்பீடு போட்டு மொட்டை மாடிக்கு மேல் இரும்புச் சட்டம் நிறுத்தி ஷீட் போடுவார்கள். ஒரே கட்டடத்துக்கு மக்கள் பணத்தில் இரண்டு கூரைகள். சரிந்த ஓட்டுக் கூரையும் நீண்ட இறவாரமுமாகப் பல நூற்றாண்டு மழையைத் தாங்கி நிற்கும் பத்மநாபபுரம் அரண்மனை இருக்கும் மாவட்டத்திலேயே இது நடக்கிறது என்பதை அவர் சொல்லாத நாளில்லை.

அரசுக் கட்டடம் என்றாலே வெளி நிறுவனத்துக்கு இடமுண்டு என்று நினைத்துவிடக் கூடாது. தமிழ்நாடு பொதுப்பணித் துறையில் தலைமைக் கட்டடக் கலைஞரின் கீழ் தனிப் பிரிவு இருக்கிறது. துறையின் பெரும்பாலான கட்டடங்கள் அங்கேயே வரையப்படுகின்றன. வெளியாருக்கு வாய்ப்பு வருவது பெரும்பாலும் உள்ளாட்சிகளிலும் வாரியங்களிலும் மத்திய அரசு நிறுவனங்களிலும்தான். 2019-இல் மாநகராட்சியான நாகர்கோவிலையும், பத்மநாபபுரம், குழித்துறை, குளச்சல், கொல்லங்கோடு போன்ற நகராட்சிகளையும், சுமார் 50 பேரூராட்சிகளையும் கொண்டது இம்மாவட்டம். இவற்றின் பொறியியல் பிரிவுகள் சாலை, குடிநீர், வடிகால் வேலைகளிலேயே மூழ்கியிருப்பவை. சமூகக்கூடமோ சந்தையோ நூலகமோ கட்ட நிதி வரும்போது வரைபடமும் திட்ட அறிக்கையும் தயாரிக்க வெளியிலிருந்து ஆள் தேவைப்படுகிறது.

முதல் போட்டி

கடற்கரையை ஒட்டிய ஓர் உள்ளாட்சி, சமூகக்கூடம் ஒன்றுக்கு வரைபடம், திட்ட அறிக்கை, கட்டுமானக் கால மேற்பார்வை ஆகியவற்றுக்கு ஒப்பந்தப்புள்ளி கோரியது. கட்டடத்தின் உத்தேச மதிப்பு 1.5 கோடி ரூபாய். இரண்டு உறை முறை: முதல் உறையில் தகுதிச் சான்றுகள், இரண்டாவதில் கட்டணம். தகுதி பெற்றவர்களில் குறைந்த கட்டணம் கேட்பவருக்குப் பணி.

தகுதிப் பிரிவு, மத்தியப் பொதுப்பணித் துறையின் ஆவணங்களில் வழக்கமாகக் காணப்படும் வாசகத்தைத் தழுவியிருந்தது: கடந்த 7 ஆண்டுகளில் உத்தேச மதிப்பில் 40 சதவீதத்துக்குக் குறையாத ஒத்த பணிகள் மூன்று, அல்லது 60 சதவீதத்துக்குக் குறையாதவை இரண்டு, அல்லது 80 சதவீதத்துக்குக் குறையாதது ஒன்று முடித்திருக்க வேண்டும். தனியார் பணியைக் காட்டினால் அதற்கு வருமான வரிப் பிடித்தச் சான்று இணைக்க வேண்டும். பள்ளிக் கலையரங்கம் 80 சதவீத அளவைத் தாண்டிய கட்டடம் என்பதால் தகுதி உண்டு என்று கூட்டாளிகள் நம்பினார்கள்.

தொழில்நுட்ப உறையிலேயே அவர்கள் தள்ளப்பட்டார்கள். பள்ளி நிர்வாகம் கொடுத்த சான்றை நானும் பார்த்திருக்கிறேன். நல்ல தாளில், முத்திரையோடு, கலையரங்கம் மிகச் சிறப்பாகவும் அனைவரும் பாராட்டும் வண்ணமும் வடிவமைக்கப்பட்டது என்று எழுதியிருந்தது. பணி தொடங்கிய நாள் இல்லை. முடிந்த நாள் இல்லை. கட்டடத்தின் மதிப்பும் இல்லை. பள்ளி அறக்கட்டளை கட்டணத்தில் வரி பிடித்துக் கட்டியிருந்தபோதிலும் அதற்குரிய சான்றான 16ஏ படிவத்தை யாரும் கேட்டு வாங்கி வைக்கவில்லை. மதிப்பீட்டுக் குழுவின் முன் அந்தக் கலையரங்கம் கட்டப்படாததற்குச் சமம்.

தமிழ்நாடு ஒப்பந்தப்புள்ளிகளில் வெளிப்படைத்தன்மைச் சட்டம், 1998-இன் 11ஆவது பிரிவின்படி முடிவுக்கு எதிராக 10 நாட்களுக்குள் அரசிடம் மேல்முறையீடு செய்யலாம். இளையவர் அதை விரும்பினார். மூத்தவர் மறுத்தார்: நிபந்தனை எழுத்தில் இருந்தது, சான்றில் குறை இருந்தது, முறையீட்டுக்கு நியாயமான காரணம் இல்லை என்றார். அது சரியான முடிவு என்றே நானும் கருதுகிறேன். பின்னால் அதே அலுவலகங்களின் வாசலுக்குப் போக வேண்டியிருக்கும் என்ற தயக்கத்தால் வந்த முடிவாக அது இருந்திருந்தால் இப்படிச் சொல்லமாட்டேன்.

தோல்விக்குப் பின் கவனித்தவை

பணியைப் பெற்ற நிறுவனத்தின் கட்டணம் கட்டட மதிப்பில் 0.9 சதவீதம், அதாவது 1,35,000 ரூபாய். கட்டடக்கலை வரைபடம், கட்டமைப்புக் கணக்கு, மின்சார, குடிநீர் வரைபடங்கள், அளவு மதிப்பீடு, கட்டி முடியும்வரை மேற்பார்வை அத்தனையும் இதற்குள் அடங்க வேண்டும். திறக்கப்படாத உறையில் நம் நிறுவனம் எழுதியிருந்தது 2.5 சதவீதம். தகுதி பெற்றிருந்தாலும் தோற்றிருப்பார்கள்.

அவ்வளவு குறைந்த கட்டணத்தில் எப்படி வேலை செய்ய முடியும் என்பதற்கான விடை கட்டடம் எழுந்தபோது தெரிந்தது. வேறு மாவட்டமொன்றின் சமூகக்கூடத்துக்கு வரைந்த படத்தில், பணியின் பெயரும் ஊரும் எழுதும் தலைப்புக் கட்டத்தை மட்டும் மாற்றியிருந்தார்கள். தென்மேற்குச் சாரல் நேரே அடிக்கும் முகத்தில் மேல்மூடி இல்லாத சன்னல் வரிசை; தட்டையான தளம். மூன்றாவது ஆண்டில் அந்தத் தளத்துக்கு மேலும் ஷீட் வந்தது. கட்டணத்தில் மிச்சமான தொகையைக் காட்டிலும் ஷீட் வேலைக்கான மதிப்பீடு அதிகம் என்பதை அந்தக் கோப்புகளைக் கையாண்ட ஒரு பொறியாளரே வருத்தத்தோடு ஒப்புக்கொண்டார்.

ஆகத் தெரிந்தது இதுதான். குறைந்த விலையே தீர்மானிக்கும் போட்டியில் மழையையும் மண்ணையும் அறிந்திருப்பதற்கு மதிப்பெண் இல்லை. அந்த அறிவுக்கு மதிப்பெண் தருகிற போட்டியைத் தேட வேண்டும். அத்தகைய போட்டிக்குள் நுழையத் தேவையான தாள்கள் முன்கூட்டியே தயாராக இருக்க வேண்டும். சட்டத்தின் கீழ் வகுக்கப்பட்ட 2000-ஆம் ஆண்டு விதிகள் 2 கோடி ரூபாய்வரையிலான ஒப்பந்தப்புள்ளிக்குக் குறைந்தது 15 நாள் அவகாசம் தருகின்றன. பழைய வாடிக்கையாளரைத் தேடிப்பிடித்துச் சான்று வாங்க அது போதவே போதாது.

எடுத்த முடிவுகளும் காரணங்களும்

குறைந்த விலை மட்டுமே அளவுகோலாக உள்ள அறிவிப்புகளுக்கு இனி விண்ணப்பிப்பதில்லை என்பது முதல் முடிவு. இதற்காக ஒவ்வொரு கட்டப் பணிக்கும் எத்தனை மனித நாட்கள் ஆகும் என்று பழைய வீட்டுப் பணிகளின் குறிப்பேடுகளிலிருந்து கணக்கெடுத்து, 2 கோடி ரூபாய் அளவிலான கட்டடத்துக்கு 2.2 சதவீதத்துக்குக் கீழே இறங்கினால் கைக்காசு போகும் என்று தீர்மானித்தார்கள். போட்டியின் சூட்டில் இறங்கிவிடாதபடி அந்த எண்ணை எழுதி இருவரும் கையெழுத்திட்டு வைத்துக்கொண்டது எனக்குப் பிடித்திருந்தது.

அடுத்தது தாள்கள். பழைய வாடிக்கையாளர்கள் அனைவரிடமும் தொடங்கிய நாள், முடிந்த நாள், பரப்பளவு, மதிப்பு ஆகியவற்றோடு புதிய பணி நிறைவுச் சான்றுகளும் 16ஏ படிவங்களும் வாங்கினார்கள். ஆண்டு வரவுக்குப் பட்டயக் கணக்காளரின் சான்று, அதன் உண்மைத்தன்மையைச் சரிபார்க்க உதவும் யுடிஐஎன் எண்ணோடு வாங்கப்பட்டது. குறு, சிறு நிறுவனங்களுக்கான உத்யம் பதிவு செய்தார்கள். மின்னணு ஒப்பந்தப்புள்ளிக்கான டிஜிட்டல் கையொப்பச் சாவி எப்போது காலாவதியாகிறது என்பதைச் சுவர் நாட்காட்டியில் குறித்தார்கள். கேட்பதற்குச் சிறிய வேலை. இதை முடிக்கவே பல மாதங்கள் ஆயின, ஏனெனில் சில வாடிக்கையாளர்கள் வரி பிடிக்கவே இல்லை. அந்தக் கட்டடங்கள் எந்த ஒப்பந்தப்புள்ளியிலும் கணக்கில் வராமலே போயின.

மூன்றாவது முடிவு பற்றித்தான் கூட்டாளிகளிடையே நீண்ட விவாதம் நடந்தது. திருவனந்தபுரத்திலுள்ள நடுத்தர அளவு நிறுவனம் ஒன்று, மத்திய அரசு நிறுவனமொன்றின் விடுதி விரிவாக்கப் பணியில் உள்ளூர்த் துணை நிறுவனமாகச் சேர அழைத்தது. மத்திய அரசின் 2012-ஆம் ஆண்டு குறு, சிறு நிறுவனக் கொள்முதல் ஆணை மத்திய அமைச்சகங்களையும் பொதுத்துறை நிறுவனங்களையும் கட்டுப்படுத்துவது. அவற்றில் இத்தகைய நிறுவனங்களுக்கு ஒப்பந்தப்புள்ளியோடு பிணையாகக் கட்டும் முன்வைப்புத் தொகையிலிருந்து விலக்கு உண்டு. மாநில உள்ளாட்சிகளை அது கட்டுப்படுத்தாது. மத்திய அரசுப் பணியில் ஒருமுறை பெயர் பதிந்துவிட்டால் உள்ளாட்சிப் போட்டியில் அது உதவும் என்றார் இளையவர். நம் உழைப்பு அடுத்தவர் பெயரில் போய்ச் சேரும் என்றார் மூத்தவர். அவருடைய அச்சம் நியாயமானது. துணை நிறுவனமாக உழைத்து, கடைசியில் சான்றில் பெயரே இல்லாமல் நின்றவர்களை நான் அறிவேன். முடிவில் ஒரு நிபந்தனையோடு சேர்ந்தார்கள்: இரு நிறுவனங்களின் பங்கும் கூட்டு ஒப்பந்தத்தில் வரையறுக்கப்பட்டு ஒப்பந்தப்புள்ளியோடு இணைக்கப்பட வேண்டும், பணிச் சான்றில் இரு பெயரும் இடம்பெற வேண்டும். கட்டணத்தில் பெரிதாக ஒன்றும் மிஞ்சவில்லை. வரைபடக் கட்டம் முடிந்ததும் இரு பெயரும் உள்ள சான்று கைக்கு வந்தது.

நான்காவது முடிவு ஓர் அழைப்பை மறுத்தது. ஓர் அலுவலகத்தில், நிதி வரும் நிலையில் இருக்கிறது, ஒரு பிளான் போட்டுத் தாருங்கள், பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்றார்கள். அதே வேண்டுகோள் வேறு இருவரிடமும் வைக்கப்பட்டிருந்தது. கட்டடக் கலைஞர்களின் தொழில் நடத்தைக்கான 1989-ஆம் ஆண்டு ஒழுங்குமுறைகள், கட்டடக்கலைக் கவுன்சிலின் வழிகாட்டுதலின்படி நடக்கும் வடிவமைப்புப் போட்டியைத் தவிர, பிறரோடு போட்டியிட்டு ஊதியமின்றி வரைபடம் கொடுப்பதைத் தடை செய்கின்றன. இதைப் பணிவாக எடுத்துச் சொல்லி விலகினார்கள். அந்தப் பணி வேறொருவருக்குப் போயிற்று.

இரண்டாவது போட்டி: முன்கூட்டம்

ஒரு நகராட்சி, நூலகமும் படிப்பகமும் சேர்ந்த கட்டடத்துக்கு ஆலோசகரைத் தேடியது. மதிப்பு 2 கோடி ரூபாய். கியூசிபிஎஸ் என்று அலுவலகங்களில் சொல்லப்படும், தரத்தையும் விலையையும் சேர்த்து மதிப்பிடும் முறை. தொழில்நுட்பத்துக்கு 70, விலைக்கு 30. தொழில்நுட்பத்தில் 100-க்கு 70 எடுத்தால்தான் விலை உறை திறக்கப்படும்.

முதலில் வெளியான ஆவணத்தில் அந்த 100 மதிப்பெண் இப்படிப் பிரிக்கப்பட்டிருந்தது: முன் அனுபவம் 40, ஆண்டு வரவு 20, பணியாளர் 25, அணுகுமுறை 15. அனுபவம் என்பது அரசுக் கட்டடம் மட்டும். இந்தப் பிரிவின்படி நம் நிறுவனம் 70-ஐத் தொட வாய்ப்பே இல்லை. விண்ணப்பிக்காமல் விடுவதா என்ற கேள்வி எழுந்தது. ஒப்பந்தப்புள்ளி கொடுக்கும் முன் போட்டியாளர்களின் ஐயங்களைக் கேட்க அலுவலகம் நடத்தும் முன்கூட்டத்தில் எழுத்து மூலம் கேட்டுப் பார்ப்பது, விடையைப் பொறுத்து முடிவெடுப்பது என்று தீர்மானித்தார்கள். இந்த நிகழ்வு முழுவதிலும் இதுவே திருப்புமுனை என்பது என் கருத்து.

கேள்விகள் ஒரே பக்கத்தில் இருந்தன. பொதுமக்கள் புழங்கும் தனியார் கட்டடங்களான பள்ளி, மருத்துவமனை, சமூகக்கூடம் ஆகியவற்றை வரிப் பிடித்தச் சான்றோடு அனுபவமாக ஏற்கலாமா? இடத்தை நேரில் ஆராய்ந்து வரும் குறிப்புக்குத் தனி மதிப்பெண் தரலாமா? ஆண்டு வரவு அளவைக் குறைக்கலாமா? இறுதித் தவணையைக் கட்டடத் திறப்போடு பிணைக்காமல் கட்டுமான முடிவோடு பிணைக்கலாமா? கடைசிக் கேள்வி வரி பற்றியது. கட்டணத்தை அனைத்து வரிகளும் உட்பட எழுதச் சொல்லியிருந்தார்கள். பொருள் வழங்கல் சேராத தூய சேவையை உள்ளாட்சிக்கு, நகராட்சிகளின் பொறுப்புகளைச் சொல்லும் அரசமைப்பின் 243டபிள்யூ பிரிவில் அடங்கும் பணிக்காக வழங்கினால் 2017-ஆம் ஆண்டின் 12-ஆம் எண் ஜிஎஸ்டி அறிவிக்கையின்படி விலக்கு உண்டு. அப்பிரிவோடு இணைந்த 12ஆவது அட்டவணையில் கல்வி, பண்பாட்டு மேம்பாடு இடம்பெறுகிறது. ஒருவர் 18 சதவீதம் சேர்த்தும் மற்றவர் சேர்க்காமலும் எழுதினால் 2.4 சதவீதக் கட்டணம் 2.83 ஆகத் தோன்றி ஒப்பீடே தவறிப்போகும் என்று சுட்டிக்காட்டினார்கள்.

கூட்டத்தில் நகராட்சிப் பொறியாளர், "மேடம், இது உங்க கம்பெனிக்காகக் கேக்குற மாதிரி இருக்கே" என்றார். இளையவர் பதற்றப்படவில்லை. "யாருக்குக் கெடச்சாலும் சரி சார், எடத்த ஒரு தடவ மழையில பாத்துட்டு வந்து வரைஞ்சா கட்டடம் ஒழுகாதுல்லா" என்று சொல்லி, மாவட்டத்தின் நான்கு பொதுக் கட்டடங்களின் மாடிப் படங்களை மேசையில் வைத்தார். எல்லாவற்றிலும் தட்டைத் தளம், மேலே ஷீட். அவற்றில் ஒன்று அந்தப் பொறியாளர் முன்பு பணியாற்றிய இடத்தில் உள்ளது. அந்த ஷீட் மதிப்பீட்டில் கையெழுத்திட்டவரே அவர்தான்.

திருத்த அறிவிப்பு வந்தது. தனியார் பொதுக் கட்டடங்கள் ஏற்கப்பட்டன. மதிப்பெண் பிரிவு, அனுபவம் 30, ஆண்டு வரவு 20, பணியாளர் 20, இடத்தைப் பற்றிய புரிதலும் அணுகுமுறையும் 30 என்று மாறியது. கட்டணம் வரி நீங்கலாக எழுதப்பட வேண்டும் என்று தெளிவுபடுத்தப்பட்டது. ஆண்டு வரவைக் குறைக்கவும் தவணையை மாற்றவும் மறுத்துவிட்டார்கள். எல்லாப் போட்டியாளருக்கும் ஒரே நேரத்தில் எழுத்தில் வெளியான திருத்தம் என்பதால் இதில் யாருக்கும் குறை சொல்ல இடமில்லை.

இடத்தை ஆராய்ந்தது

ஒப்பந்தப்புள்ளிக் காலம் ஜூன் மாதத்தில் விழுந்தது நல்லதாகப் போயிற்று. கொட்டும் மழையில் நாங்கள் இடத்தைப் பார்த்தோம். ஒரு காலத்தில் கன்னிப்பூ, கும்பப்பூ என இரு போக நெல்லும் விளைந்த ஏலா, அதாவது வயல்வெளி அது. மண் போட்டு நிரவியிருந்தார்கள். ஒரு பக்கம் பேச்சிப்பாறைப் பாசனத்தின் கிளைச் சானல். மதிற்சுவரின் உள்முகத்தில் முழங்காலுக்குச் சற்று மேலே சேறு காய்ந்த கோடு ஒன்று நீளவாக்கில் ஓடியது. எதிரில் டீக்கடை வைத்திருக்கும் பாட்டி, சானல் கரை புரண்ட ஆண்டில் கடைப் பெஞ்சுவரை தண்ணீர் நின்றதைச் சொன்னார். பெஞ்சின் உயரமும் சுவர்க் கோடும் ஏறக்குறைய ஒரே மட்டத்தில் வந்தன. அலுவலக அனுமதியோடு ஒரு சோதனைக் குழி தோண்டினோம். ஏறத்தாழ நான்கு அடிக்குச் செம்மண்ணும் உடைந்த செங்கல்லும் கலந்த நிரப்பு. அதன் கீழே கையில் பிசைந்தால் ஒட்டும் சாம்பல்நிறக் களி. தூணுக்குத் தூண் போடும் சாதாரண தனித்தனி அடித்தளம் இங்கே நிற்காது. உறுதியான மண்வரை பைல் எனும் ஆழத் தூண்களை இறக்க வேண்டும் என்று அந்தக் குழியருகிலேயே சொல்லிவிட்டேன்.

முன்மொழிவில் தரை மட்டம் வெள்ளக் கோட்டுக்கு மேல் உயர்த்தப்பட்டது. அதற்கேற்றபடி சக்கர நாற்காலிக்கான சரிவுப்பாதையின் நீளமும் கூடியது. கடல் சில கிலோமீட்டரில் இருக்கிறது. கான்கிரீட்டுக்கான இந்தியத் தரநிலையான ஐஎஸ் 456 விதிப்படி மிதமான சூழல் என்று கொண்டு எம்25 வலிமைத் தரக் கான்கிரீட்டும் கம்பிக்கு மேல் 30 மில்லிமீட்டர் மூடுகனமும் போதும் என வாதிட இடமுண்டு. உப்புக்காற்றில் கம்பி துருப்பிடித்து உப்பிய தூண்களை இந்தக் கரையோரத்தில் நிறையப் பார்த்திருப்பதால் கடுமையான சூழலுக்குரிய எம்30, 45 மில்லிமீட்டர் என்று நான் எழுதினேன்.

கூரையில்தான் அரசுப் பணிக்கும் வீட்டுப் பணிக்கும் உள்ள வேறுபாடு தெளிவானது. மூத்தவர் முதலில் மண்ணோடுகளை இடையில் பதித்து வார்க்கும் ஒரு தளத்தை வரைந்தார். வீடுகளில் அது அவருடைய கைவந்த வேலை. பொதுப்பணித் துறையின் விலைப்பட்டியலில் உரிய இனம் இல்லாத வேலைக்குத் தனியே விலைப் பகுப்பாய்வு செய்து ஒப்புதல் வாங்க வேண்டும். அங்கே கோப்பு மாதக்கணக்கில் நிற்கும். ஆகவே சரிந்த கான்கிரீட் தளம், அதன் மேல் மங்களூர் ஓடு, நான்கு பக்கமும் நீண்ட இறவாரம் என்று பட்டியலில் உள்ள இனங்களாலேயே கூரையை மாற்றி வரைந்தார்கள். அவருக்கு அதில் மனமில்லைதான். ஆனால் கட்டடம் கட்டப்பட வேண்டுமானால் அதுவே வழி.

மதிப்பெண்ணும் விலையும்

மூன்று நிறுவனங்கள் 70-ஐத் தாண்டின. நம் நிறுவனத்துக்கு 86: அனுபவத்தில் 26, வரவில் 14, பணியாளரில் 18, அணுகுமுறையில் 28. சென்னையிலிருந்து வந்த பெரிய நிறுவனத்துக்கு 91. மற்றொன்றுக்கு 74. கட்டணம் முறையே 2.4, 3.0, 1.8 சதவீதம். குறைந்த கட்டணத்துக்கு முழு 30 மதிப்பெண். மற்றவர்களுக்கு அந்த விகிதத்தில் குறையும். கூட்டினால் நம் நிறுவனம் 82.7, குறைந்த கட்டணக்காரர் 81.8, சென்னை நிறுவனம் 81.7.

இந்த வெற்றியை மிகைப்படுத்தக் கூடாது. குறைந்த கட்டணக்காரர் 1.8-க்குப் பதில் 1.6 சதவீதம் எழுதியிருந்தால் நம் மொத்தம் 80.2 ஆகிப் பணி அவருக்குப் போயிருக்கும். 74 மதிப்பெண் வாங்கிய முன்மொழிவு இங்கே தனித்தனி அடித்தளத்தை வைத்துத் தயாரிக்கப்பட்டது என்பதை மனதில் கொள்ள வேண்டும். விலையின் எடையைக் குறைத்து 80க்கு 20 என்று வைப்பதே சிறு நிறுவனங்களுக்குப் பாதுகாப்பு என்று சிலர் சொல்வதுண்டு. இந்த எண்களையே 80க்கு 20-இல் போட்டுப் பார்த்தேன்: சென்னை நிறுவனம் 84.8, நம் நிறுவனம் 83.8. பணி சென்னைக்குப் போயிருக்கும். ஆக, தொழில்நுட்பத்தின் எடையைவிட அந்தத் தொழில்நுட்பத்துக்குள் எதற்கு மதிப்பெண் வைக்கிறார்கள் என்பதே சிறு நிறுவனத்தின் விதியைத் தீர்மானிக்கிறது. அது ஆவணம் வெளியான முதல் வாரத்தில், முன்கூட்டத்தில் மட்டுமே பேசக்கூடிய விஷயம்.

பணியும் விளைவும்

வரைபடங்கள் உரிய காலத்தில் கொடுக்கப்பட்டன. பைல் அடித்தளத்தால் மதிப்பீடு உயருமோ என்ற கேள்வியோடு தொழில்நுட்ப ஒப்புதல் சில மாதங்கள் தாமதமானது. முறையான மண் ஆய்வு அறிக்கை சோதனைக் குழி காட்டியதையே உறுதி செய்தபின் ஒப்புதல் கிடைத்தது. தரை ஓடுகளையும் சுற்றுச்சுவர் நீளத்தையும் குறைத்து மொத்தத் தொகை 2 கோடிக்குள் நிறுத்தப்பட்டது.

கட்டட ஒப்பந்ததாரர் மதிப்பீட்டைவிட 8 சதவீதம் குறைவாக, 1.84 கோடிக்குப் பணியை எடுத்தார். ஆலோசகரின் கட்டணம் மதிப்பீடு, ஒப்பந்த மதிப்பு இரண்டில் எது குறைவோ அதன் மேல் என்பது உடன்படிக்கையின் வாசகம். 4,80,000 ரூபாய் 4,41,600 ஆயிற்று. வரைந்த தாள் ஒன்றுகூடக் குறையவில்லை. கட்டணம் மட்டும் குறைந்தது. 2.4 சதவீதம் எழுதியவர்கள் உண்மையில் பெற்றது, கையெழுத்திட்டு வைத்த 2.2 என்ற எல்லையைத் தொட்டுக்கொண்டு நிற்கும் தொகை.

சாரத்தின் உயரத்தில் சரிந்த தளம் வார்ப்பது சிரமமென்று ஒப்பந்ததாரர் நடுவில் தட்டைத் தளமாக மாற்றித்தரக் கேட்டார். வடகிழக்குப் பருவம் நெருங்கியதால் அலுவலகமும் சற்றுத் தளர்ந்தது. இளையவர் எந்த வாக்குவாதமும் செய்யாமல், அப்படி மாற்றினால் பின்னர் ஷீட்டுக்கு ஆகும் செலவை அதே விலைப்பட்டியலில் கணக்கிட்டு ஒரு பக்கக் குறிப்பாகக் கொடுத்தார். பொறியாளர் அதைக் கோப்பில் சேர்த்தார், கூரை மாறவில்லை. உடன்படிக்கையில் மாதம் இரு மேற்பார்வை வருகைகளே குறிக்கப்பட்டிருந்தன. தளம் வார்த்த காலத்தில் நிறுவனத்தினர் ஏறக்குறைய நாள்தோறும் போக நேர்ந்தது. அதற்குக் கட்டணம் இல்லை.

கட்டடம் முடிந்தது. திறப்பு விழாவுக்கு நாள் குறிக்கப்படாததால் இறுதித் தவணை பல மாதங்கள் நின்றுபோனது. மறுக்கப்பட்ட அந்தக் கேள்வி எவ்வளவு அவசியமானது என்பது அப்போது எல்லோருக்கும் விளங்கியது. இரண்டு ஆண்டு மழைக்குப் பின் நான் போய்ப் பார்த்தபோது வாசிப்புக்கூடத்தின் உட்கூரையில் ஈரக்கறை இல்லை. இரண்டு சரிவுகள் சந்திக்கும் ஒரு மூலையில் மட்டும் முதல் ஆண்டில் கசிவு இருந்திருக்கிறது. குறைபாட்டுப் பொறுப்புக் காலத்துக்குள் ஒப்பந்ததாரர் அதைச் சரிசெய்திருந்தார். சானல் ஒருமுறை நிரம்பி வளாகத்துக்குள் தண்ணீர் வந்தது, தரைக்கு ஏறவில்லை.

அடுத்து மாற வேண்டியவை

நிறுவனத்தின் பக்கம், கட்டணக் கீழெல்லையை மதிப்பீட்டின் மீது கணக்கிடாமல், ஒப்பந்ததாரர் 10 சதவீதம்வரை குறைத்து எடுக்கக்கூடும் என்று கொண்டு கணக்கிட வேண்டும். அப்படியானால் எழுத வேண்டிய எண் 2.45-ஐ ஒட்டி வரும். கூடுதல் மேற்பார்வை வருகைக்கு நாள் கட்டணம் ஒன்றை முன்கூட்டத்திலேயே கேட்க வேண்டும். கூட்டாளிகள் இதை ஏற்றுக்கொண்டு தங்கள் படிவத்தைத் திருத்தியிருக்கிறார்கள்.

உள்ளாட்சிகளின் பக்கம், சிறிய கட்டடத்துக்குப் பெரிய ஆண்டு வரவு கேட்பது யாருக்கும் பயன் தருவதில்லை. 2 கோடி ரூபாய்க் கட்டடத்துக்கு ஆலோசகருக்குச் சேர்வது சில லட்சங்களே. அந்தச் சில லட்சத்துக்கேற்ற அளவே தகுதியிலும் இருக்க வேண்டும். இடத்தை ஆராய்ந்த குறிப்பைக் கட்டாயமாக்கினால் தலைப்புக் கட்டத்தை மாற்றி ஒட்டும் வேலை தானாகவே குறையும். நூலகம், சந்தை போன்ற ஊரின் முக்கியக் கட்டடங்களுக்குக் கவுன்சிலின் வழிகாட்டுதலின்படி பரிசுத்தொகையோடு வடிவமைப்புப் போட்டி நடத்தலாம். அதற்காகும் செலவு ஒரு ஷீட் கூரைக்கு ஆகும் செலவைவிடக் குறைவாகவே இருக்கும்.

நூலகத்தின் பணி நிறைவுச் சான்று, நாட்களும் மதிப்பும் பரப்பளவும் குறிக்கப்பட்டு, இப்போது நிறுவனத்தின் கோப்பில் இருக்கிறது. அதைக் காட்டி இந்த ஆண்டு வேறொரு உள்ளாட்சியின் சந்தைக் கட்டடத்துக்கு விண்ணப்பித்திருக்கிறார்கள். முன்கூட்டத்துக்கு அனுப்பிய கேள்விகளில் முதலாவது, இறுதித் தவணையைக் கட்டுமானம் முடிந்த நாளிலிருந்து 60 நாட்களுக்குள் வழங்க இயலுமா என்பது. பதில் இன்னும் வரவில்லை.